கூஜாவோடு வந்தவள்

என் கிணற்றைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. பிள்ளைகளைச் சொன்னால்கூட விட்டுவிடுவேன். பிள்ளைகளுக்கு வாய் இருக்கிறது, அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள். கிணறு பாவம், அதற்காக நான்தான் பேச வேண்டும். அப்படிப் பேசிப் பேசித்தான் ஒருத்தியின் உயிரைப் போக்கடிக்கப் பார்த்தேன். அதை எழுதவே உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் அந்த நாட்களை நினைத்ததும் முதலில் மூக்கில் ஏறுவது வறுத்த தேங்காயும் புளியும் சேர்ந்து கொதிக்கிற தீயல் வாசனைதான்.

நெய்யூர்ப் பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். நான் பிறந்த பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டால் வெள்ளம் என்பது ஊரை அடித்துக்கொண்டு போவது. எங்களுக்கு அது செம்பில் இருப்பது. இந்த வித்தியாசம் பின்னால் ஒரு மனுஷனை முட்டளவு ரப்பர் பூட்ஸ் போடவைத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வீடு சின்னது, வளவு பெரியது. அடுக்களைக்குப் பின்னால் ஒரு மாமரம், அதை ஒட்டி ஓலைச் சாய்ப்பு, மரத்துக்கு அந்தப் பக்கம் கிணறு. தெருவிலுள்ள மற்றக் கிணறுகள் மாசி பிறந்ததும் வற்றத் தொடங்கும், வற்றாதவை கலங்கிக் கைக்கும். எங்கள் கிணறு மட்டும் கோடையிலும் இளநீராக இனிக்கும். விடிந்தால் இருபது குடம் வரிசையில் நிற்கும். எந்த வீட்டுக் குடம், எந்தச் சாதிக் குடம் என்று நான் பார்த்ததே கிடையாது. கயிறு எங்களுடையது, வாளி எங்களுடையது, கோருகிற கை யாருடையதாக இருந்தால் என்ன?

இதற்குக் காரணம் உண்டு. எனக்கு எட்டு வயதிருக்கும்போது பூதப்பாண்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவோடு வண்டியில் போனேன். வழியில் ஒரு வீட்டு முன்னால் நிறுத்தித் தண்ணீர் கேட்டோம். ஒரு பெண் செம்போடு வந்தாள். தள்ளி நிற்கச் சொன்னாள். கையைக் குவித்து ஏந்தச் சொன்னாள். செம்பை உயரத் தூக்கி ஊற்றினாள். பாதி வாய்க்குள் போயிற்று, பாதி பாவாடையில் விழுந்தது. அம்மா தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வண்டியில் ஏறின பிறகு, "ஒனக்கு தாகம் எடுக்கலியாம்மா?" என்று கேட்டேன். அம்மா என் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அந்த வெட்கம் எனக்கு இன்றுவரை போகவில்லை. அதனால்தான் சொந்தமாக ஒரு கிணறு வாய்த்தபோது, என் தண்ணீரை யாரும் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் டவுன் முழுவதும் குழாய்ப் பேச்சு. மலையிலிருந்து இரும்புக் குழாயில் தண்ணீர் வரப்போகிறது என்பார்கள், வராது என்பார்கள். எங்கள் தெருவுக்கும் ஒரு குழாய் கேட்டு மனு எழுத வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கூட்டம் போட்டார். முதல் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு மூன்று பேர். மூன்றாவதற்கு அவர் மட்டும் போய்விட்டுத் திரும்பி வந்தார். வெறும் வாயை மெல்ல யார் வருவார்கள்? அவல் வேண்டாமா? "சோறு போடுங்க, வருவாங்க" என்றேன்.

அப்படித் தொடங்கியதுதான் இங்கிலீஷ் மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு. விதியும் நான்தான் போட்டேன். கறி வருகிறவர்கள் வீட்டிலிருந்து வர வேண்டும். சோறும் வெள்ளமும் என் வீட்டிலிருந்து. ஆணும் பெண்ணும் ஒரே நேரம் உட்கார வேண்டும். ஆண்கள் தின்று முடித்தபிறகு மிச்சத்தைப் பெண்கள் தின்பது என் சாய்ப்பில் நடக்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நிலையாக வந்தவர்கள் சிலர்தான். எதிர்வீட்டுப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர். அய்யா வழிக்காரர், நெற்றியில் வெள்ளை நாமம் இல்லாமல் வெளியே இறங்க மாட்டார். "எங்க பதியில எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறாக்கும்" என்று தங்கள் கோயிலைப் பற்றி மாதம் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் மனைவி எனக்கு உயிர்ச் சிநேகிதி. என்னை மைனி என்று கூப்பிடுவாள், நான் அவளை ஏட்டி என்பேன். அவள் சிரிக்கத் தொடங்கினால் பக்கத்து இலையில் சோறு சிதறும். உள்ளித் தீயல் அவள் பொறுப்பு.

இன்னொருத்தி எங்கள் பின்மதிலுக்கு அப்பால் குடியிருந்தவள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் வேலை பழகியவள், டவுனில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தாள். தெருவில் அவளுக்கு நர்சம்மா என்றுதான் பெயர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாள். பேச்சு குறைவு. அவள் கொண்டுவருகிற மீன் புளிமுளக் குழம்புக்குப் பேச்சு தேவையில்லை.

முதல் சாப்பாட்டன்றே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். அவள் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காச்சின வெள்ளமா அக்கா?"

"கோருன வெள்ளமாக்கும்" என்றேன். "எங்க கிணத்து வெள்ளத்தக் காச்சிக் கெடுக்கப்பிடாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் டம்ளரைத் தொடவில்லை. அடுத்த மாதம் வந்தபோது ஒரு கையில் மீன்சட்டி, மறுகையில் ஒரு பித்தளைக் கூஜா. திருகுமூடி போட்டது. இலைக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு, தாகம் எடுத்தபோதெல்லாம் மூடியில் ஊற்றிக் குடித்தாள். என் டம்ளர் அவள் முன்னால் நிரம்பினபடி இருந்தது.

"மைனி, அவ ஒங்க வெள்ளத்தத் தொடமாட்டா போலிருக்கே" என்று சிநேகிதி என் காதில் சொன்னாள்.

அவள் என்ன சாதி, நான் என்ன சாதி என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த நாளில் ஒரு வீட்டில் சோற்றைத் தின்றுவிட்டுத் தண்ணீரை மட்டும் தொடாமல் எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் உடம்பெல்லாம் எரிந்தது. விருந்துக்கு வந்தவளை எழுந்து போ என்று சொல்ல முடியுமா? அதுவுமல்லாமல் அவள் மீன்கறியை நானும் இரண்டு தடவை வாங்கித் தின்றிருந்தேன். கோபத்துக்கும் நாக்குக்கும் நடுவில் கிடந்து இரண்டு வருஷம் தவித்தேன். ஒவ்வொரு மாதமும் அந்தக் கூஜா வரும். ஒவ்வொரு மாதமும் எனக்கு எட்டு வயது ஆகிவிடும்.

மனு விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து எனக்கு நன்றாக வரும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். எங்கள் தெருவார் வெள்ளக் கஷ்டத்தால் வருஷத்தில் நாலு மாதம் படும் பாடு சொல்லி முடியாது, மேலிடத்தவர்கள் நேரில் வந்து பார்வையிட வேண்டும் என்று எழுதினேன். வாத்தியார் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒற்றெழுத்து விட்டால் கொட்டுகிற மனுஷன்!

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நாள், வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் குடை, தோளில் அளவுச் சங்கிலி, காலில் முட்டளவு ரப்பர் பூட்ஸ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஓவர்சியர். வியர்வை வழிய, கையிலிருந்த மனுவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வெள்ளம் எங்கம்மா வருது?"

"உள்ள இருக்கு. ஒரு செம்பு கொண்டு வரட்டா?"

அவர் ஓரடி பின்னால் போனார். "வீட்டுக்குள்ளயும் வந்துட்டா?"

நான் செம்போடு திரும்பி வந்தபோது அவர் செம்பைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார். படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு இரண்டு செம்பு குடித்துவிட்டு, "தாமிரபரணி தோத்துது அம்மா" என்றார். திருநெல்வேலிக்காரன் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு என் சாய்ப்பில் நிரந்தரமாக ஓர் இலை போட்டேன். கல்யாணம் ஆகாதவர், கறிக்கு எங்கே போவார்? மாதம் ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவருவார்.

சாப்பிட்டு முடிந்தபின் இருந்த நேரம்தான் எனக்கு மறக்கவே முடியாதது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். இலை எடுத்த இடத்தில் பாய் விரித்து, அவரவர் மாமரத்திலோ தூணிலோ சாய்ந்துகொள்வோம். ஓவர்சியர் ஈர்க்குச்சியால் மணலில் கோடு இழுப்பார். இது மலை, இது அணை, இது குழாய், இங்கே ஒரு தொட்டி, இங்கே உங்கள் தெரு. திற்பரப்பு அருவியில் இரவும் பகலும் சும்மா விழுகிற தண்ணீரை அப்படியே கொண்டுவரலாமே என்பார் என் வீட்டுக்காரர். குழாய் தெரு நடுவில் நிற்க வேண்டும், யார் வீட்டு வாசலிலும் நிற்கக் கூடாது, "கொழாய்க்கு வீட்டுக்காரன் உண்டாகப்பிடாது" என்பார் கடைக்காரர். அவர்கள் குரல் தூரத்தில் போய்க்கொண்டே இருக்கும். பாதி மூடிய கண்ணில் இலைகளுக்கு நடுவே வெயில் ஆடும். மணலில் போட்ட கோட்டில் தண்ணீர் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். வேளிமலைச் சரிவில் இறங்கி, வயல் வரப்பில் நடந்து, கடைத்தெருவில் நின்று வழி கேட்டு, எங்கள் தெருவுக்குள் மெதுவாகத் திரும்பும். காலில் ஈரம் படுகிறமாதிரிகூட இருக்கும். சிநேகிதி என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். மதிலோரம் நர்சம்மா கூஜாவின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்கும், நான் விழித்துக்கொள்வேன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மனு எழுதியவள் நான்தான், ஆனால் குழாய் வர வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. குழாய் வந்துவிட்டால் விடியற்காலையில் என் கிணற்றடிக்கு யார் வருவார்கள்?

சாப்பாடு தொடங்கி இரண்டு வருஷம் ஆன சித்திரையில் என் வீட்டுக்காரருக்கு ஒரு புது யோசனை பிறந்தது. டவுனின் சுகாதாரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், நம் வீட்டிலேயே நாகரிகமாக ஒரு கக்கூஸ் வேண்டாமா என்றார். ஓவர்சியர் சங்கிலி பிடித்து அளந்து இடம் குறித்தார். நிழல் இருந்தது, மண் இளக்கமாக இருந்தது, வீட்டிலிருந்து பார்வைக்கு மறைவாக இருந்தது. மாமரத்துக்கு அந்தப் பக்கம், கிணற்றிலிருந்து பதினைந்து அடி. ஆழமாகக் குழி வெட்டி, மேலே பலகை போட்டு, ஓலைக் கூரையும் போட்டாயிற்று. அந்த மாதச் சாப்பாட்டில் பேச்செல்லாம் ஊர்க் குளங்களில் அழுக்கு ஊறுவதைப் பற்றித்தான். சனங்களுக்கு அறிவே இல்லை என்று எல்லாரும் வருத்தப்பட்டோம். வருத்தப்பட்டுக்கொண்டே ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தோம்.

கை கழுவப் போன நர்சம்மா கிணற்றடியில் நின்று அந்தப் புதுக் கூரையைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"குழி கிணத்துக்குப் பக்கத்துல போச்சே அக்கா. மழ பெஞ்சா ஊறும்."

அவள் தாழ்த்திப் பேசியதை நான் உரக்கப் பேசினேன். "எங்க வெள்ளத்தக் குடிக்காதவியளுக்கு எங்க கிணத்தப் பத்தி என்ன கவல?"

அவள் முகம் சிவந்தது. கூஜாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வருஷமாக அடக்கி வைத்ததைச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் எனக்கு மறுபடியும் பசித்தது. இலையில் மிச்சமிருந்த அவளுடைய மீனையே எடுத்துத் தின்றேன்.

வைகாசிக் கடைசியில், இடவப்பாதி என்று நாங்கள் சொல்கிற தென்மேற்கு மழை பிடித்தது. அந்த வருஷம் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் சாப்பாட்டுச் சனிக்கிழமை. சாய்ப்பின் மூன்று பக்கமும் ஓலையிலிருந்து தண்ணீர் சரஞ்சரமாக இறங்க, நடுவில் நாங்கள் இலை போட்டு உட்கார்ந்தோம். வெளி உலகமே கரைந்துபோன மாதிரி இருந்தது. மாமரம் தெரியவில்லை, மதில் தெரியவில்லை, பேசுகிறவர்களின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நர்சம்மாவும் வந்திருந்தாள், அந்தச் சொல்லுக்குப் பிறகும் வந்திருந்தாள், அதே சட்டி, அதே கூஜா. கிணறு மேலே வரைக்கும் ஏறியிருந்தது. குனிந்து கையாலேயே மொண்டு விடலாம். நான் நனைந்துகொண்டே போய்ச் செம்பு செம்பாக மொண்டு வந்து ஊற்றினேன். குளிர்ந்த தண்ணீர். சிநேகிதி மூன்று டம்ளர் குடித்தாள்.

"இந்த வெள்ளம் இருக்கும்போ கொழா எதுக்கு மைனி?" என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் சிநேகிதி படுத்தாள். முதலில் தலைவலி என்றாள், பிறகு விடாத காய்ச்சல். ஓவர்சியரும் தன் அறையில் படுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் காய்ச்சல். டாக்டர் வந்து பார்த்து டைபாய்டு என்றார், குடிக்கிற தண்ணீரைக் கவனியுங்கள் என்றும் சொன்னார். கடைக்காரர் நெற்றியில் நாமம்கூட இடாமல் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தார். சிநேகிதியின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தது நர்சம்மாதான். என் கிணற்றுத் தண்ணீரை அப்படியே கொடுக்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டதாகக் கடைக்காரர் வாய் தவறி என்னிடம் சொன்னார்.

அவ்வளவுதான். கொண்டையை முடிந்துகொண்டு பின்மதிலைச் சுற்றி நர்சம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கூப்பிடவுமில்லை, நேரே அடுக்களைக்குள் நுழைந்தேன். அடுப்பில் ஒரு மண்பானை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்தக் கூஜா, வாயில் வெள்ளைத் துணி கட்டி.

"எங்க கிணத்து வெள்ளத்தக் குடுக்கப்பிடாதுன்னு சொன்னியளா?"

"காச்சாமக் குடுக்கப்பிடாதுன்னு சொன்னேன் அக்கா."

"நாங்க வீட்டுல எல்லாரும் அதத்தான் குடிக்கோம். எங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒரே மழையில நனைஞ்ச எல்லாருக்குமா காச்சல் வருது?" என்றாள் அமைதியாக.

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் கூடும். அந்தக் கூஜாவைக் காட்டிக் கேட்டேன். "அப்ப இதுல உள்ளது மட்டும் என்ன புண்ணிய தீர்த்தமா? எந்த மவராசன் வீட்டுக் கிணறு?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "ஒங்க கிணறுதான் அக்கா."

நான் கூஜாவைக் குனிந்து பார்த்தேன்.

"விடியக்காலம் மூணு வீட்டுக்குச் சேத்துக் கோருதாளே ஒருத்தி, அவ எனக்கும் ரெண்டு கொடம் கொண்டு தருவா. இங்க வந்த நாள் மொதல் ஒங்க வெள்ளத்தத்தான் குடிக்கேன். காச்சிக் குடிக்கேன், அம்புட்டுதான். ஆஸ்பத்திரியில பழகினது, மாத்த முடியல்ல. இந்தத் தெருவுல வேற எந்தக் கிணத்துல இப்பிடி வெள்ளம் உண்டு?"

அவள் துணியை அவிழ்த்து, மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். இளஞ்சூடு, கொஞ்சம் புகை வாசனை. அதற்கு அடியில் என் கிணறு இருந்தது. எனக்கு அதைத் தெரியாதா? இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் என் தண்ணீரை எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து குடித்திருக்கிறாள், நான் அவளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

"ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"மொத நாளே கேட்டேனே. குழி வெட்டினப்பவும் சொன்னேன்." அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "நீங்க பேச விடல்ல அக்கா."

அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் என்று சொன்னால் போதாது. செம்பை உயரத் தூக்கி ஊற்றிய அந்தப் பெண்ணின்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அன்றைக்கு என்மேல் திரும்பிற்று.

அங்கிருந்து கூஜாவை வாங்கிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அவள் பாதியாகிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் கண் மட்டும் சிரித்தது.

"மைனி, ஒங்க கிணத்து வெள்ளம் ஒரு மடக்கு தாங்க. இவிய எல்லாரும் சுட்டவெள்ளமே தாராவ. அந்தக் குளுந்த வெள்ளம்..."

"வேண்டாம் ஏட்டி" என்றேன்.

"நீங்களுமா?" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தாகத்தோடு கேட்டவளுக்கு நான் இல்லை என்று சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். "என் வெள்ளமாக்கும் ஒன்ன இப்பிடிப் போட்டது. என் கிணறுதான். அவ சொன்னா, நான் கேக்கல்ல."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் மூடியில் ஊற்றி உதட்டில் வைத்தேன். ஒரு மடக்கு விழுங்கினாள்.

"இது ஒங்க வெள்ளமில்ல" என்றாள்.

"என் வெள்ளந்தான் மக்கா. காச்சினது."

மறுநாள் விடியற்காலையில் கிணற்றடியில் போய் நின்றேன். வரிசையாக வந்த ஒவ்வொரு குடத்துக்கும் சொன்னேன். காய்ச்சாமல் குடிக்காதீர்கள், எங்கள் குழி ஊறிவிட்டது, தப்பு எங்களுடையது. சிலர் கோரிக்கொண்டு போனார்கள். சிலர் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். ஒருத்தி கோரின தண்ணீரை என் காலடியிலேயே கொட்டிவிட்டுப் போனாள். கொட்டட்டும். என் வீட்டுக்காரர் ஆள் பிடித்துக் குழியைத் தோண்டி அப்புறப்படுத்தி, புதுமண் போட்டு மூடினார். கிணற்றை மூன்று தடவை இறைத்தோம். நர்சம்மா ஊதா மருந்து கொண்டுவந்து கரைத்தாள். ஒருநாள் முழுவதும் கிணறு நாவல்பழ நிறத்தில் கிடந்தது. மாமரத்தின் நிழலும் அதற்குள் ஊதாவாக அசைந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, என்னுடையதென்று சொல்ல முடியாத அந்த அழகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சிநேகிதிக்கு இருபத்தோராம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிழைத்தாள். தெருவில் படுத்த எல்லாரும் பிழைத்தார்கள், அது எங்கள் நல்ல காலம், வேறொன்றுமில்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. சாப்பாடு தொடர வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் தயங்கினார். எனக்கும் பயம்தான். ஆனாலும் சொல்லி அனுப்பினேன். சோற்றுக்கு உலை வைப்பதற்கு முன்னாலேயே பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி ஆற வைத்தேன். கடைக்காரர் வந்தார். சிநேகிதி வந்தாள், காய்ச்சலில் முடி கொட்டிய மொட்டைத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, சாய்ப்புத் தூணைப் பிடித்து மெதுவாக. ஓவர்சியர் எலும்பும் தோலுமாக வந்து பழச் சீப்பை வைத்தார். "தாமிரபரணியே ஜெயிச்சுட்டு அம்மா" என்றார். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார், யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நர்சம்மாவின் இலை மட்டும் காலியாக இருந்தது. அவளுக்காகக் காத்திராமல் சோறு பரிமாறினேன். தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். கடைக்காரர், "பொறவு ஆகட்டு" என்றார். ஓவர்சியர் குனிந்து தீயலைப் பிசைந்துகொண்டே இருந்தார். சிநேகிதி பாவம், என் முகத்தைப் பார்த்தாள், ஆனால் அவள் கை தானாகவே டம்ளரை மூடிக்கொண்டது. காய்ச்சினதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. என் வாய்ப்பேச்சை நம்பச் சொல்லி இனி யாரிடம் கேட்பது? செம்பை வைத்துக்கொண்டு சாய்ப்பின் நடுவில் நின்றேன்.

அப்போது நர்சம்மா வந்தாள். எங்கோ ஒரு பேறு முடித்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. ஒரு கையில் மீன்சட்டி. மறுகையில் ஒன்றுமில்லை.

"கூஜா எங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுல இருக்கு. இங்க அது எதுக்கு?"

இலைக்கு முன்னால் உட்கார்ந்து, டம்ளரை எடுத்து என்னை நோக்கி நீட்டினாள். "ஊத்துங்க அக்கா. தாகமா இருக்கு."

காய்ச்சினதா என்று அவள் கேட்கவில்லை.

ஊற்றினேன். செம்பைச் சாய்த்த அவசரத்தில் பாதி டம்ளரிலும் பாதி அவள் சேலையிலுமாக விழுந்தது. அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஈரச் சேலையைப் பிழியக்கூடச் செய்யாமல், டம்ளரை மறுபடியும் நீட்டினாள். பக்கத்து இலையில் சிநேகிதி டம்ளரிலிருந்து கையை எடுத்தாள்.